தங்கை ஏறிய கப்பல்

ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு நாள்கூட மட்டம் போடாத பெரியவள், அன்று காலை தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே மூன்று பாய்மரங்களோடு ஒரு வெள்ளைக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. இளம்பிள்ளைகளுக்குக் கடல் வேலை பழக்கும் பயிற்சிக் கப்பல் அது. அதற்குத் தேர்வானவர்களில் அவளுடைய தங்கையும் ஒருத்தி. கப்பலின் சமையல்காரர் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் வீட்டோடு தங்கிவிட்டார் என்றும், வேறு ஆள் கிடைக்காமல் கேப்டன் தவிக்கிறார் என்றும் முந்தின நாள் தங்கைதான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சொன்னவள் அதை அங்கேயே மறந்துவிட்டாள். கேட்டவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கேப்டன் நரைத்த தாடி வைத்த, மெதுவாகப் பேசும் மனிதர். மேசையில் ஒரு வரைபடத்தை விரித்து, அதன் ஓரம் சுருண்டுகொள்ளாமல் இருக்க டீ டம்ளரை மேலே வைத்திருந்தார்.

“எத்தனை பேருக்கு சமைச்சுப் பழக்கம்?”

“ஒரு வேளைக்கு இருநூறு பேர் வரைக்கும் சார்.”

“இங்க நாப்பது பேர்தான். ஆனா அடுப்பு ஆடும்.”

“ஆடட்டும் சார்.”

“இதுக்கு முன்னாடி கப்பல்ல போயிருக்கீங்களா?”

“படகுல போயிருக்கேன்.”

“எவ்வளவு தூரம்?”

“அக்கரைக்கு.”

கேப்டன் தாடிக்குள் சிரித்தார். “திரும்பி வந்துட்டீங்கல்ல?”

“வந்துட்டேன் சார்.”

“அப்ப சரி. நாளைக்கே சாமானெல்லாம் பாத்து வச்சிடுங்க” என்றார். அந்த வாரமே கப்பல் கிளம்ப வேண்டும். அந்த வேலையைக் கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

தன் தங்கையும் அதே கப்பலில் வருகிறாள் என்பதை அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

சின்னவள் பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்த புதிதில் அம்மா இறந்துபோனாள். பெரியவள் அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். அப்பா லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். படிப்பை நிறுத்து என்று பெரியவளிடம் யாரும் சொல்லவில்லை. சின்னவளுக்குக் காலையில் தலை பின்ன ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பின்னி முடித்து, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போனால் காலேஜில் இரண்டு வகுப்பு முடிந்திருக்கும். ஒரு பருவம் அப்படி ஓடியது. அடுத்த பருவத்தில் அவள் போகவில்லை. கேன்டீனில் காய் நறுக்கச் சேர்ந்தாள், கொஞ்ச காலத்தில் அந்தச் சமையலறையே அவள் கைக்குள் வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்ததும் உண்டு. வந்தவர்களிடம் அவள் முதல் பேச்சிலேயே, “என் தங்கச்சியும் என்கூட வருவா” என்று சொல்லிவிடுவாள். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சின்னவள் வளர்ந்தாள், பெரியவளைவிட ஒரு சாண் உயர்ந்தாள், நீச்சலில் பரிசு வாங்கினாள், எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டாள். அதில்கூடப் பெரியவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

விஷயம் தெரிந்ததும் சின்னவள் கையில் இருந்த தட்டை டொக்கென்று மேசையில் வைத்தாள்.

“நீ வந்தா நான் போகல.”

“போகலன்னா நான் மட்டும் போக வேண்டியதுதான். கேப்டன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன்.”

“விளையாடாத அக்கா. அத்தனை பேர் நடுவுல, நான் மட்டும் வீட்டு ஆளைக் கையோட கூட்டிட்டு வந்தவளா? எனக்கு என்ன பால் பாட்டில் குடுக்கப் போறியா?”

பெரியவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கவேண்டிய பாத்திரம் எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டது. அதைப் பார்த்த சின்னவளுக்குக் கோபம் பாதி இறங்கிப்போனது. அக்காவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, மீதி இருந்த கோபத்தில் நிபந்தனை போட்டாள்.

“சரி, வா. ஆனா நாம யாருன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.”

“சரி.”

“எனக்குன்னு தனியா எதையும் எடுத்து ஒளிச்சு வைக்கக்கூடாது.”

“சரி.”

“நான் பாய்மரத்துல ஏறும்போது கீழ நின்னு கத்தக்கூடாது.”

பெரியவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். “அது எவ்வளவு உயரம்டி?”

“சரின்னு சொல்லு.”

“... சரி.”

சின்னவள் அப்பாவை உரித்து வைத்தவள். பெரியவள் அம்மா ஜாடை. பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தாலும் அக்கா தங்கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது நல்லதாய்ப் போயிற்று.

கப்பல் கரையை விட்டு விலகி, துறைமுகத்துச் சுவரைத் தாண்டியதுமே பெரியவளுக்கு வயிற்றைப் பிரட்ட ஆரம்பித்தது. சமையலறைத் தரையில் வெங்காய மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். அடுப்பு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. ஆணியில் மாட்டிய கரண்டிகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கமாகச் சாய்ந்தன. அவளைக் காப்பாற்றியது ஒரு விஷயம்தான்: மேலே இருந்த பிள்ளைகளுக்கும் அதே கதி. வேகாத உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்க அந்தக் கப்பலில் ஓர் ஆளுக்கும் தெம்பில்லை.

அடிக்கடி எட்டிப் பார்த்தவர் கயிறு மாஸ்டர் ஒருவர்தான். பாய்களுக்கும் கயிறுகளுக்கும் பொறுப்பானவர். இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி, காதில் எப்போதும் ஒரு பென்சில். “படுக்காதீங்கம்மா, படுத்தா இன்னும் ஜாஸ்தியாகும். வெளியில வந்து கடலோட விளிம்பையே பாருங்க” என்றார். அவளும் தட்டுத்தடுமாறி ஏறி வந்து பார்த்தாள். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்று அதே விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோடியில் சின்னவள், முகம் வெளிறி. மறுகோடியில் போய்ப் பெரியவள் நின்றாள். நடுவில் இருந்தவர்களின் தலைகளுக்கு மேலாக இருவரும் ஒரு நொடி பார்த்துக்கொண்டார்கள். போய்த் தலையைப் பிடித்துவிட வேண்டும்போல் பெரியவளுக்குக் கை பரபரத்தது. பக்கத்தில் நின்ற, பெயர் தெரியாத ஒரு நெட்டைப் பையனின் தலையைப் பிடித்துவிட்டாள். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த நெட்டையனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மறுநாள் எல்லாருக்கும் உடம்பு தேறிப் பசி பிடித்துக்கொண்டபோது அவன்தான் முதலில் சமையலறைக் கதவைத் தட்டினான். “அக்கா, ஏதாவது இருக்கா?” அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றது. அவள் ஒரு பெரிய பானையில் சூப் கொதிக்கவிட்டு, அதற்குள் கிடைத்த காயையெல்லாம் போட்டு, ரொட்டியைத் துண்டு துண்டாகக் கிள்ளிக் கொடுத்தாள். அன்றிலிருந்து கப்பல் முழுக்க அவள் அக்காதான். கேப்டன்கூட, “அக்காவைக் கேளுங்க” என்பார். கயிறு மாஸ்டருக்கு அவளைவிட இருபது வயது அதிகம், அவரும் அக்கா என்றார். அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் சின்னவள்தான். “மேடம், உப்பு வேணும்” என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவள் சிரிப்பை அடக்கத் தெரியாமல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றினாள். சமையலறையின் பாதி மேல்தளத்துக்குக் கீழே இருந்தது. அதற்கு ஒரே ஒரு வட்ட ஜன்னல். அந்த ஜன்னலில் தளத்தில் நடப்பவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாளில் அவளுக்குக் காலைப் பார்த்தே ஆளைச் சொல்ல வந்துவிட்டது. ஒட்டகத்தின் கால் குழப்பமே இல்லை. பூனை என்று கூப்பிடப்பட்ட ஒரு சின்னப் பெண் குதிகாலை ஊன்றாமல் நடப்பாள். சின்னவளின் இடது கால் சுண்டுவிரல் கொஞ்சம் விலகியிருக்கும். நடு பாய்மரத்தின் அடியில் அந்தக் கால் வந்து நிற்கும், இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்ள ஒரு கணம் தாமதிக்கும், பிறகு ஜன்னலிலிருந்து மேல்நோக்கி மறைந்துவிடும். அப்போது பெரியவள் எதையாவது கையில் எடுத்து நறுக்க ஆரம்பிப்பாள். கால் திரும்பி வந்து தளத்தில் படும்வரை நறுக்கிக்கொண்டே இருப்பாள். காற்று அதிகமாக இருந்த நாட்களில் சூப்பில் கேரட் பொடிப்பொடியாகக் கிடக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

முறை போட்டுப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சமையலறைக்கு உதவிக்கு வருவார்கள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது வாய் சும்மா இருக்காது. ஒட்டகத்துக்கு உயரத்தில் ஏறப் பயம் என்பதை அவன் அவளிடம் மட்டும் சொன்னான். “இவ்வளவு உயரமா வளர்ந்துட்டு உனக்கென்னடா பயம்?” என்று கேட்டாள். “அதாங்க்கா, நான் ஏற்கனவே பாதி தூரம் மேல இருக்கேன்” என்றான். பூனைக்கு வீட்டு ஞாபகம். தம்பியின் பேச்சை எடுத்தாலே கண் கலங்கிவிடும். வெங்காயத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, “இதை உரி, யாரும் கேக்கமாட்டாங்க” என்பாள் பெரியவள். ஒருநாள் மத்தியானம் வெங்காயமும் போதவில்லை. பூனை அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். பெரியவள் மாவுக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையாலேயே அவள் தலையைத் தடவினாள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் தண்ணீர் எடுக்க வந்தாள். கதவருகில் நின்றாள், பார்த்தாள், காலி குடத்தோடு திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் சமையலறை முறை சின்னவளுக்கு. கூட வரவேண்டிய பையனை என்ஜின் அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டதால் அவள் தனியாக வந்தாள். கிளம்பிய பிறகு இருவரும் தனியாக இருந்தது அன்றுதான். கத்தியை எடுத்து, தோலோடு பாதிக் கிழங்கையும் சேர்த்துச் சீவித் தள்ளினாள்.

“கிழங்கு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் பெரியவள் மெதுவாக.

“ஒண்ணுமில்ல மேடம்.”

“இங்க யாரும் இல்லடி.”

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள். “எல்லாருக்கும் அக்கா ஆயிட்ட.”

“அவங்களா கூப்பிடறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“மடியில படுக்க வச்சுக்கற.”

“அழுதா பாவம்...”

“நானும்தான் அழுதேன். முதல் வாரம். மேல் படுக்கையில, போர்வைக்குள்ள. உனக்குத் தெரியுமா?”

பெரியவளுக்குத் தெரியாது. எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். வீட்டில் சினிமா பார்க்கும்போது உட்கார்வதுபோலத் தரையில் மாவு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, மடியைத் தட்டினாள். சின்னவள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு நீளமான கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டு வந்து படுத்தாள். கப்பல் ஆடிக்கொண்டிருந்தது.

“அழணுமா?” என்று கேட்டாள் பெரியவள்.

“இப்ப வரமாட்டேங்குது.”

“பரவாயில்ல. சும்மா படு.”

அன்று சாப்பாடு தாமதமானது. அடுப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று பெரியவள் சொன்னாள். அந்தப் பொய்யைக் கயிறு மாஸ்டர் நம்பி, ஒரு மணி நேரம் அடுப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

பயணத்தின் பாதியில் ஒரு காலை வேளையில் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கேப்டன் எல்லாரையும் மேலே கூப்பிட்டார். காற்று பலமாவதற்குள் மேல் பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். ஜன்னலில் கால்கள் ஓடின. விலகிய சுண்டுவிரல் உள்ள கால் வந்தது, நின்றது, மறைந்தது. பெரியவள் கத்தியை எடுக்கவில்லை. அன்றைக்கு அதற்கு நேரம் இல்லை. ஆடும் கப்பலில் பெரிய பானையைக் கம்பித் தடுப்புக்குள் கட்டி நிறுத்தும் வேலை இருந்தது. உதவிக்குப் பூனை.

முதல் பெரிய அலை பக்கவாட்டில் மோதியபோது கப்பல் ஒரேயடியாகச் சாய்ந்தது. தடுப்புக் கம்பி கழன்று பானை நகர்ந்தது. அதற்கு நேர் எதிரே பூனை, காலை ஊன்ற வழியில்லாமல் சறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் யோசிக்கவில்லை. இடது கையால் பெண்ணைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளி, வலது கையை நடுவில் கொடுத்தாள். கொதித்துக்கொண்டிருந்த சூப் முழங்கையிலிருந்து விரல்வரை கொட்டியது.

அவள் கத்தவில்லையாம். பூனைதான் கத்தினாள். கயிறு மாஸ்டர் படிகளில் உருண்டு வராத குறையாக இறங்கி வந்து, அவள் கையைக் குழாயடியில் பிடித்து, குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டார். “எடுக்காதீங்க, எடுக்காதீங்க, அப்படியே வச்சிருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய கண் ஜன்னலிலேயே இருந்தது.

மேலே பாயைக் கட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த சின்னவளிடம் யாரோ, “அக்காவுக்கு அடிபட்டுருச்சு” என்றார்கள். கால் தளத்தில் பட்டதும் அவள் ஓடி வந்தாள். நனைந்த உடையும், கழற்றாத இடுப்புப் பட்டையுமாகச் சமையலறைக்குள் பாய்ந்தாள்.

“அக்கா!”

அந்தக் குரலில் இத்தனை நாள் கட்டிக்காத்த ரகசியம் மொத்தமும் இருந்தது. ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கப்பலில் எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டார்கள். ஒட்டகம் அவளை, “தள்ளு, அக்காவுக்குக் காத்து வரட்டும்” என்று ஒதுக்கக்கூட முயன்றான். சின்னவள் அவனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அக்காவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

“இப்ப நான் அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்? சொல்லு! பத்திரமா பாத்துக்கன்னு என்கிட்டதானே சொல்லி அனுப்பினாரு!”



“எந்த அப்பா?” என்றான் ஒட்டகம்.

“எங்க அப்பாடா!”

கயிறு மாஸ்டர் ஒருத்தியைப் பார்த்தார், மற்றவளைப் பார்த்தார். வலியில் உதடு வெளுத்திருந்த பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சின்னவளே, நீதான் சொல்லிட்ட. நான் இல்ல” என்றாள். பிறகுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. “ஆமா, அப்பா உன்கிட்டயா சொன்னாரு? என்னைப் பாத்துக்கவா?”

“பின்ன? உனக்கு நீச்சலே தெரியாதேன்னு அவருக்கு ஒரே கவலை” என்று சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

காற்று மதியத்துக்குள் அடங்கியது. ரேடியோவில் கரையிலிருந்த டாக்டரைக் கேட்டு, கேப்டன் தானே மருந்து போட்டுக் கட்டினார். கொஞ்ச நாளைக்கு அந்தக் கையால் எதையும் தொடக்கூடாது, மாவைக்கூட. சமையல் சின்னவள் தலையில் விழுந்தது. அக்காவின் தங்கை என்றால் கைமணம் இருக்கும் என்று நம்பியவர்கள் முதல் வேளையிலேயே தெளிந்துவிட்டார்கள். ரொட்டி அடியில் கரி, நடுவில் பச்சை மாவு. “இதைக் கடல்ல போட்டா மீனுக்கு அடிபடும்” என்றான் ஒட்டகம். சின்னவள் கரண்டியை ஓங்கினாள். பூனை குறுக்கே வந்து சமாதானம் செய்தாள். அவள் அழுவதை நிறுத்தியிருந்தாள். இத்தனை கலவரத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

பெரியவளுக்கோ வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையும் இல்லை. கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டு, மேல்தளத்தில் சுருட்டிய கயிற்றின்மேல் உட்கார்ந்தாள். முதல் நாள் எழுந்து எழுந்து சமையலறைப் படிவரை போனாள். மறுநாள் பாதி தூரம் போனாள். அதற்கடுத்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கடலைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பு அவளுக்குக் கடல் என்பது பாத்திரத்தை உருட்டிவிடுகிற ஒரு சங்கடம், தங்கைக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற ஒரு ஆபத்து. இப்போது அது காலையில் ஒரு நிறமாகவும் மாலையில் ஒரு நிறமாகவும் இருந்தது. பாய்கள் காற்றை வாங்கி நிமிரும்போது கப்பல் முழுவதும் மூச்சை இழுத்துக்கொள்வதுபோல் இருந்தது. சின்னவள் பாய்மரத்தில் ஏறுவதையும் கண்ணால் பார்த்தாள். எப்படியெல்லாமோ பயந்து வைத்திருந்தாள். மேலே போனவள் குறுக்குக் கட்டையில் வயிற்றை வைத்துச் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவனோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போய் வருகிறவளின் சாவதானம். “இதுக்கா நான் இவ்வளவு கேரட்டை வீணாக்கினேன்” என்று பெரியவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

ஒரு மாலையில் கேப்டன் அவளைக் கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரத்துக்குக் கூப்பிட்டார். “ஒத்தைக் கையால பிடிச்சாலும் போதும். இந்தக் காத்துக்குக் கப்பல் தானாவே போகும்.”

அவளுடைய உயரத்துக்கு இருந்தது அந்தச் சக்கரம். பிடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளங்கைக்குள் மெல்லிய ஓர் இழுப்பு, விட்டுக்கொடுத்தால் திரும்பவும் ஓர் இழுப்பு. கேப்டன் காட்டிய திசையிலேயே கொஞ்ச தூரம் கொண்டுபோனாள். எவ்வளவு கொஞ்சம் என்றால், முறை மாறுவதற்கான மணி அடித்தபோது கேப்டன் தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது. அவள் சக்கரத்தை விடவில்லை. “இன்னும் ஒரு நிமிஷம் சார்” என்றாள். தனக்கென்று அவள் ஒன்றைக் கேட்டதைச் சின்னவள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கீழே சமையலறைப் படியில் கரண்டியோடு நின்று அதைப் பார்த்தவள், கூப்பிட வந்த விஷயத்தைச் சொல்லாமலே இறங்கிப் போனாள். அன்று சூப் அடிபிடித்தது.

கை ஆறியது, தழும்பு நின்றது. கப்பல் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வந்தது. கடைசி நாளில் பெரியவள் சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேப்டன் கதவில் சாய்ந்து நின்றார்.

“அடுத்த பயணத்துக்கு நான் வேற ஆள் தேடணுமா?”

“வேணாம் சார். நான் வரேன்” என்றாள்.

சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப்போட்டது. சின்னவள் அடுத்து எங்கே போகிறாள் என்று அவள் கேட்கவே இல்லை. தரை துடைக்கும் துணியைக் கையில் பிடித்தபடியே மேலே ஓடினாள். சின்னவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

“நீ சொல்லு.”

“நீ முதல்ல சொல்லு.”

சின்னவளுக்குச் சரக்குக் கப்பல் அதிகாரிகளுக்கான படிப்பில் இடம் கிடைத்திருந்தது. தொலைவில் இருந்தது அந்தக் கல்லூரி. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அக்கா அங்கேயும் கேன்டீனில் சேர்ந்துவிடுவாளோ என்ற பயத்தில் நாலு நாளாக வாயைத் திறக்கவில்லையாம். பெரியவள் தன் விஷயத்தைச் சொன்னாள். சின்னவள் வாயைப் பிளந்தாள்.

“அப்ப நான் இல்லாம போவியா?”

“போவேன்போலதான் இருக்குடி” என்றாள் பெரியவள், தனக்கே ஆச்சரியமாக.

சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்காவின் தழும்பு விழுந்த கையைப் பிடித்து, அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அங்கேயே, எல்லாரும் பையும் பெட்டியுமாகக் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்த இடத்தில், ஒரு பாட்டம் அழுது முடித்தாள்.

அப்பா லாரியைத் துறைமுகத்து வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். கப்பலில் ஏறும் பலகையில் கால் வைக்கத் தயங்கினார். இத்தனை வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர், கரையோடு கட்டிக் கிடந்த கப்பலில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பெரியவள் அவரைச் சமையலறை மேசையில் உட்கார வைத்துச் சூடாக ரொட்டியும் சூப்பும் கொடுத்தாள். அவர் சாப்பிடும்போதே மூன்று பிள்ளைகள் வந்து அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒட்டகம் குனிந்து வந்து நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டான். பூனை தன் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினாள். அப்பா எல்லாவற்றையும் பார்த்தபடி மென்றார்.

“உன்னைக் காலேஜுக்கு அனுப்பாம விட்டுட்டேனேன்னு நான் எவ்வளவோ நாள் நினைச்சிருக்கேன்ம்மா” என்றார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாப்பா?”

“ஊத்து.”

அதற்கு மேல் அவர்கள் அந்தப் பேச்சைப் பேசவில்லை. ஆனால் அவர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பெரியவள் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டாள். சில மாலைகளில் சுக்கானும் பிடிக்கிறாள். நீச்சல் கற்றுக்கொண்டாள், அப்பாவின் நிம்மதிக்காக. சின்னவள் படித்து முடித்து ஒரு பெரிய சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருக்கிறாள். இருவரும் ஒரே சமயத்தில் கரையில் இருப்பது அபூர்வம்.

போன கோடையில் ஒருநாள், நல்ல வெயிலில், கேப்டன் மேலிருந்து குரல் கொடுத்தார். “அக்கா, ரேடியோவுல உங்களைக் கேக்கறாங்க!” அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். தூரத்தில் கடல் விளிம்பில் ஒரு சரக்குக் கப்பல் சாம்பல் நிறத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. ரேடியோ கரகரத்தது. முதலில் கப்பலின் பெயர், பிறகு முறைப்படி எல்லாம் சொல்லி, அதிகாரக் குரலில் ஒரு பெண் கேட்டாள்.

“சாப்பிட்டியா? ஓவர்.”

பெரியவள் மைக்கைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். கேப்டன் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னும் இல்லடி. ரொட்டி இப்பதான் அடுப்புல வச்சேன். அது என்ன ஓவர்?”

“பேசி முடிச்சா அப்படிச் சொல்லணும். ஓவர்.”

“எனக்கு இன்னும் பேசி முடியலையே” என்றாள் பெரியவள். மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொலைவில் நகர்ந்த அந்தக் கப்பலைப் பார்த்தபடி, முட்டி வலிக்கு அப்பா புதிதாகப் போட ஆரம்பித்த மருந்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.